தண்ணீரில் போட்ட தபால் தலைகள்

நாற்பத்து நான்காவது வயதில் ஒரு மனிதன் திடீரென்று தபால் தலை சேர்க்க ஆரம்பித்தால் வீட்டில் இருப்பவர்கள் அவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? என் வீட்டில் நினைப்பதோடு நிற்கவில்லை, வாய்விட்டே சொல்லிவிட்டார்கள். "மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஆறு மாதமாகச் சொல்கிறேன், அதற்கு நேரமில்லை, பூதக் கண்ணாடி வாங்க மட்டும் நேரம் இருக்கிறதாக்கும்!" என்றாள் என் மனைவி. மகன் இன்னும் ஒரு படி மேலே போனான். "இது சின்னப் பையன்கள் விளையாட்டு. இப்போது சின்னப் பையன்கள்கூட இதை விளையாடுவதில்லை" என்று தீர்ப்புக் கூறிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டான்.

தீர்ப்பின் பிற்பாதியை நான் மறுக்கவில்லை. முற்பாதிதான் சரித்திரத்துக்கு ஒத்துவராதது. தபால் தலை சேர்க்கும் பித்தைத் தொடங்கி வைத்தவர்கள் பையன்கள் அல்லர், நன்றாக வளர்ந்த பெரியவர்கள். உலகத்தின் முதல் தபால் தலையாகிய கறுப்புப் பென்னி இங்கிலாந்தில் 1840-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி விற்பனைக்கு வந்தது. மே 6-ஆம் தேதியிலிருந்துதான் அது செல்லுபடி. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் விலங்குகளைப் பற்றிய பிரிவில் உத்தியோகம் பார்த்த டாக்டர் ஜான் எட்வர்ட் கிரே என்பவர், கடிதத்தில் ஒட்டுவதற்காக இல்லாமல், பத்திரமாக வைத்துக்கொள்வதற்காகவே அப்போது சில தலைகளை வாங்கி வைத்தாராம். அப்போது அவருக்கு வயது சரியாக நாற்பது! பாம்பையும் சிப்பியையும் வகை பிரித்து அட்டவணை போட்ட அந்தக் கை, 1862-இல் தபால் தலைகளுக்கும் ஓர் அட்டவணைப் புத்தகம் போட்டது. மறு வருஷமே, 1841-இல், லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு யுவதி விளம்பரம் செய்தாள்: தன் அலங்கார அறையின் சுவர் முழுவதும் உபயோகித்த தபால் தலைகளை ஒட்ட ஆசைப்படுவதாகவும், பதினாறாயிரம் சேர்த்தாயிற்று, இன்னும் வேண்டும் என்றும். டாக்டரும் யுவதியும் இருக்கையில் எனக்கு என்ன வெட்கம்?

ஆனால் நான் ஆரம்பித்த கதை டாக்டரின் கதையைப் போல் கௌரவமானதல்ல. யுவதியின் கதைக்குத்தான் அதிகம் கிட்டே வரும்.

தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் பூர்விகக் கிராமத்தில் என் அத்தை ஒருவர் இருக்கிறார். என் தாத்தாவின் தம்பி மகள். தொண்ணூறை எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிற வயது. ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தபோது அத்தையைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில், தபால் தலை சேர்க்கலாமென்று ஓர் எண்ணம் இருப்பதாகச் சொன்னேன். அத்தை மெல்ல எழுந்து போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இழுத்தார். உள்ளே முப்பத்தொரு கவர்கள். எல்லாம் பர்மாவிலிருந்து வந்தவை.

சின்னத் தாத்தா செட்டியார் கடை ஒன்றில் கணக்கு எழுத 1932-இல் கப்பலேறியவர். மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊர் வருவதும், சில மாதம் இருந்துவிட்டு மறுபடி போவதுமாக இருந்தார். 1940-இல் மூன்றாம் முறை போனவர் திரும்பவில்லை. யுத்தம் வந்துவிட்டது. செய்தி ஒன்றும் கிடைக்கவில்லை. சின்னப் பாட்டி 1979-இல் காலமாகும் வரையில் தாலியைக் கழற்றவில்லை. அவர் அனுப்பிய கடிதங்களைப் பாட்டி தலையணை உறைக்குள் வைத்துத் தைத்திருந்தாராம். தலையணையோடு அவையும் பாட்டியுடன் போய்விட்டன. கவர்கள் மட்டும் டப்பாவில் தங்கின. "எடுத்துக்கிட்டுப் போப்பா. பார்த்துட்டுக் கொண்டாந்து குடு" என்றார் அத்தை.

ஊருக்குத் திரும்பிய அன்று இரவே காரியத்தைத் தொடங்கிவிட்டேன். புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன்: தலை ஒட்டியிருக்கும் மூலையைக் கத்தரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட வேண்டும், கால் மணியில் பசை கரைந்து காகிதம் தானாகக் கழன்றுகொள்ளும், பிறகு சாமணத்தால் எடுத்து மையொற்றுத் தாளில் முகம் குப்புறப் போட்டு உலர்த்த வேண்டும். வெகு சுலபமான வேலை. ஒரு பழுப்புக் கவரின் சாயம் இறங்கி இரண்டு தலைகள் தேநீரில் தோய்த்த மாதிரி ஆனதைத் தவிர வேறு சேதமில்லை. முப்பத்து நான்கு தலைகள் தேறின. ஓரம் வெட்டிய கவர்களைக் காலையில் பழைய பேப்பர் மூட்டையில் நானேதான் போட்டேன். அதே வாரம் பேப்பர்காரர் வந்தார்.

இந்த இடத்தில் என்னை வைவதற்குப் பிரியப்படும் வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குற்றத்தில் எனக்கு முன்னோடிகள் உண்டு. 1862-இல் பாரிஸ் நகரத்தில் ஜுஸ்தேன் லாலியே என்பவர் தபால் தலை ஆல்பம் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். ஒவ்வொரு தலைக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தது. கட்டத்துக்குள் தலை அடங்கவில்லை என்றால் அந்தக் காலத்துக் கனவான்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தலையின் ஓரத்தைக் கத்தரித்தார்கள். பல்லெல்லாம் போய் மொட்டையான தலைகளைக் கோந்து தடவி அழுத்தி ஒட்டினார்கள். 1864-இல் ஹெர்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு கிரேக்கச் சொற்களைப் பிசைந்து 'பிலாடலி' என்று இந்தக் கலைக்கு ஒரு பெயர் சூட்டினார். பெயர் வந்த பிறகும் கத்தரிக்கோல் வெகு நாள் ஓயவில்லை.

உலகத்திலேயே அதிக விலை போன தபால் தலைகூட மூலை வெட்டுப்பட்டதுதான். தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானா என்றிருந்த நாட்டில், 1856-இல், லண்டனிலிருந்து தலைகள் வந்து சேரத் தாமதமானதால் உள்ளூர்ப் பத்திரிகை அச்சகத்தில் அவசரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். அதில் ஒரு சென்ட் தலை, சிவந்த காகிதத்தில் கறுப்பு மை. பார்ப்பதற்கு ஒன்றும் அழகில்லை. 1873-இல் வெர்னன் வான் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் உறவுக்காரப் பெரியவரின் பழைய கடிதக் கட்டில் அதைக் கண்டெடுத்தான். நாலு மூலையும் வெட்டி எண்கோணமாக இருந்ததால் அதை அவன் மதிக்கவில்லை. ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். அது கை மாறிக் கை மாறி, பாரிஸில் இருந்த பெராரி என்ற பெருந்தனவந்தரிடம் போய், அவர் 1917-இல் இறந்தபின் பிரெஞ்சு சர்க்கார் ஏலத்தில் அமெரிக்கரிடம் போய், 2014-இல் ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்கும், 2021-இல் 83 லட்சம் டாலருக்கும் விலை போயிற்று. விலை குறைந்ததற்காக நான் கண்ணீர் விடவில்லை. எனக்கு வேறு ஒரு விஷயம்தான் முக்கியமாகப் பட்டது. அந்தத் தலையின்மேல் தபாலாபீஸ் முத்திரை இருக்கிறது: டெமராரா, 1856 ஏப்ரல் 4. அதனால் ஊரும் நாளும் தெரியும். அது ஒட்டியிருந்த கடிதம் மட்டும் இல்லை. யார், யாருக்கு, என்ன எழுதினார்கள் என்பதற்கு இத்தனை லட்சம் டாலர் கொடுத்தும் பதில் வாங்க முடியாது.

முத்திரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முத்திரை குத்துவதன் நோக்கம் தலையைப் பாழ்பண்ணுவதுதான். உபயோகித்த தலையைப் பிய்த்து மறுபடி ஒட்டும் சாமர்த்தியசாலிகள் அன்றே இருந்தார்கள். கறுப்புப் பென்னியின்மேல் முதலில் சிவப்பு மையால் குத்தினார்கள். ஜனங்கள் அதை நோகாமல் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார்கள். சர்க்கார் யோசித்து, 1841-இல் தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கிற்று. அதோடு கறுப்புப் பென்னியின் ஆயுள் முடிந்தது. சுமார் ஒரு வருஷத்துக்குள் ஆறு கோடியே எண்பத்தெட்டு லட்சம் அச்சிட்டிருந்தார்கள். ஆகவே, முதல் தபால் தலை என்றால் கிடைக்கவே கிடைக்காது என்று நினைப்பது தவறு. நல்ல வேலையிலிருப்பவர் ஒரு மாதச் சம்பளத்துக்குள் சுமாரான ஒன்றை வாங்கிவிடலாம். நான் வாங்கவில்லை, என் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது.

ஒரு மாதம் கழித்து, முப்பத்து நான்கு தலைகளையும் புது ஆல்பத்தில் வரிசையாக வைத்து எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். பெருமையாகத்தான் போனேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ராஜாவின் தலை, சிங்கம், படகு எல்லாவற்றையும் பார்த்தார். கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "கவரெல்லாம் எங்கேப்பா?" என்றார்.

நான் சொன்னேன்.

அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கம்மா பேரு அதுலதானே இருந்துச்சு. எங்கய்யா கையெழுத்து" என்றார்.

அவ்வளவுதான். உண்மையில் அவருடைய கையெழுத்து வேறு எங்கும் இல்லை. கடிதங்கள் நெருப்பில் போய்விட்டன. கணக்குப் புத்தகங்கள் பர்மாவில் என்ன ஆயினவோ! முப்பத்தொரு முறை அவர் எழுதிய விலாசம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. எழுத்தையே தொழிலாகக் கொண்ட நான் அதைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டேன்.

புறப்படும்போது அத்தை ஒரு கேள்வி கேட்டார். "கடைசியா வந்த கடுதாசி எதுன்னு இதைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அது வந்தப்போ எனக்கு அஞ்சு வயசு. தபால்காரர் எங்கையிலதான் குடுத்தாரு."

கவர் இருந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. முன்பக்கத்தில் பர்மா முத்திரை, பின்பக்கத்தில் நம் ஊர்ப் பட்டுவாடா முத்திரை, இரண்டிலும் தேதி. வெட்டிய தலையிலோ முத்திரை வட்டத்தின் ஒரு வில்தான் விழுந்திருக்கும். அந்த வில்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றுதான் தபால் தலைச் சரித்திரத்தை நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். பூதக் கண்ணாடி வாங்கின நாள் ஆரம்பம் அல்ல. இதுதான் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் தேசத்தில் தபால் தலை வருமுன் கடிதம் எழுதுவது பணக்காரர் காரியம். 1837-ஆம் வருஷச் சட்டப்படி தூரத்துக்குத் தகுந்த கூலி. கல்கத்தாவிலிருந்து ஆக்ராவுக்குத் தோலா ஒன்றுக்குப் பன்னிரண்டணா. பம்பாய்க்கு ஒரு ரூபாய். அந்தக் காலத்து ஒரு ரூபாய்! எழுதுகிறவன் கூலி கொடுக்காமலே அனுப்பலாம், வாங்குகிறவன் தலையில் விழும். முதன்முதலில் ஒட்டுகிற தலையைக் கொண்டுவந்தவர் சிந்து மாகாணத்துக் கமிஷனர் பார்ட்டில் பிரேர். 1852 ஜூலை முதல் தேதி. வட்ட வடிவம், அரக்கில் கம்பெனியின் வியாபாரச் சின்னத்தை அழுத்தி எடுத்தது. அரக்கு வழியிலேயே உடைந்து உதிர்ந்தது. பிறகு காகிதத்தில் அச்சழுத்திப் பார்த்தார்கள். ஆசியாவிலேயே முதல் தபால் தலை என்று இன்று அதைக் கொண்டாடுகிறோம். சிந்துக்குள் மட்டும்தான் அது செல்லும். இரண்டு வருஷத்தில் அதன் காலமும் முடிந்தது.

1854 அக்டோபர் முதல் தேதி இந்தியா முழுவதுக்கும் பொதுவான தலைகள் வந்தன. கல்கத்தாவில் சர்வே இலாகாவிலிருந்த காப்டன் துல்லியர் கல்லச்சில் அடித்துக் கொடுத்தார். முதலில் அரையணாவைச் சிவப்பு மையில் அடித்துப் பார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த மை தீர்ந்துபோயிற்று. அதனால் அரையணா நீலமாயிற்று. நாலணாத் தலைக்கு இரண்டு நிறம். காகிதத்தை இரண்டு முறை அச்சில் கொடுக்க வேண்டும். யாரோ ஒருவர் இரண்டாம் முறை தாளைத் திருப்பிக் கொடுத்துவிட, விக்டோரியா மகாராணி தலைகீழாக நின்றாள். அந்தத் தலைகீழ் ராணிகளுக்கு இன்று கோடிக்கணக்கில் மதிப்பு. அந்த அச்சுத் தொழிலாளிக்கு அன்று என்ன கிடைத்ததோ!

ஆனால் தலைகீழ் ராணியைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது கட்டணம். கால் தோலா எடைக்கு அரையணா; தூரம் எவ்வளவானாலும் சரி. தோலாவுக்கு ஒரு ரூபாயாக இருந்தது இரண்டணாவாக இறங்கிற்று. ஒட்டாமல் அனுப்பினால் வாங்குகிறவரிடம் இரட்டிப்பு வசூல். 'பேரிங்' கடுதாசி என்று நம் கிராமங்களில் நெடுநாள் பயந்துகொண்டிருந்தார்களே, அது இதுதான். அந்தக் கால் தோலாச் சலுகை இல்லையென்றால் கணக்குப்பிள்ளைகளும் கூலிகளும் கடல் கடந்து போன காலத்தில் குடும்பங்கள் எப்படிப் பிழைத்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கடல் கடந்த இடங்களிலும் இதே தலைகள்தான். நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி இது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றிலும் 1854 முதல் 1867 வரை இந்தியத் தலைகளைத்தான் ஒட்டினார்கள். எந்த ஊரில் ஒட்டியது என்று கண்டுபிடிப்பது எப்படி? முத்திரையில் உள்ள எண்ணால்தான். 'பி 172' என்றிருந்தால் சிங்கப்பூர். 'பி 147' பினாங்கு. 'பி 109' மலாக்கா. மற்றபடி தலைக்குத் தலை வித்தியாசமில்லை. முத்திரை தெளிவாக இருந்தால் அரியது, இல்லாவிட்டால் சாதாரணம். ஏடன் துறைமுகத்திலும் 1937 வரை இந்தியத் தலைதான்.

பர்மாவும் அப்படியே. 1937 மார்ச் மாதம் 31-ஆம் தேதி வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். தேவகோட்டையிலிருந்து மதுரைக்கு எழுதினாலும், ரங்கூனிலிருந்து தேவகோட்டைக்கு எழுதினாலும் உள்நாட்டுத் தபால். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த அதே சாக்லெட் நிற ஓரணா. இந்த மன்னர் தாமே பெரிய தபால் தலைப் பித்தர் என்பது இங்கே நினைக்கத் தக்கது. இளவரசராக இருந்தபோது, முப்பத்தெட்டாவது வயதில், 1904-இல், மொரீஷியஸின் இரண்டு பென்னித் தலை ஒன்றை 1,450 பவுன் கொடுத்து ஏலத்தில் எடுத்தார். "எவனோ ஒரு முட்டாள் இத்தனை பணம் கொடுத்து வாங்கியிருக்கிறானாமே!" என்று அரண்மனை அதிகாரி ஒருவர் அவரிடமே வியந்தாராம். அந்த முட்டாள் தாம்தான் என்று இளவரசர் ஒப்புக்கொண்டதாகக் கதை. என் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "அவருக்கு அரண்மனை இருந்தது" என்றாள்.

1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா தனி. உடனே புதுத் தலை அடிக்க அவகாசமில்லை. இந்தியத் தலைகளின்மேலேயே 'பர்மா' என்று கறுப்பாக அச்சடித்துவிட்டார்கள். ஐந்தாம் ஜார்ஜ் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அவர் தலைதான் அதில் இருந்தது. 1938 நவம்பரில் பர்மாவுக்கென்றே படம் போட்ட தலைகள் வந்தன: ஆறாம் ஜார்ஜும் இருபுறம் காவல் சிங்கங்களும், ராஜாவின் படகு, தேக்கு, நெல் வயல், ஐராவதி நதி, மயில். மிக அழகான வரிசை. 1940 மே மாதத்தில், கறுப்புப் பென்னிக்கு நூறு வயது ஆனதைக் கொண்டாட, ராஜாவின் படகு போட்ட இரண்டரையணாத் தலையின்மேல் '1840 மே 6' நினைவு என்றும் ஓரணா என்றும் மேலச்சுப் போட்டு ஒன்று வெளியிட்டார்கள். லண்டன் டாக்டர் கிரேக்கும் எங்கள் கிராமத்துப் பிஸ்கட் டப்பாவுக்கும் உள்ள நேரடிச் சம்பந்தம் அந்தத் தலைதான்.

இப்போது என் முப்பத்து நான்கையும் மேஜைமேல் பரப்பி, இந்தச் சரித்திரத்தை வைத்து வகைப்படுத்தினேன். மேலச்சு இல்லாத ஐந்தாம் ஜார்ஜ் பதினான்கு: 1937 ஏப்ரலுக்கு முந்தியவை. இவற்றை மதுரையில் வாங்கினேன் என்று யாராவது சாதித்தாலும் என்னால் மறுக்க முடியாது; முத்திரை வில்கள் வெறும் கோடுகள். 'பர்மா' மேலச்சு எட்டு: அதன்பின் ஒன்றரை வருஷம். படத் தலைகள் பதினொன்று: 1938 நவம்பருக்கு மேல். மிஞ்சியது ஒன்று. படகு, மேலே நினைவு மேலச்சு. அது 1940 மே மாதத்துக்கு முன் ஒட்டியிருக்க முடியாது. சின்னத் தாத்தா மூன்றாம் முறை கப்பலேறிய பிறகு எழுதியது என்பது நிச்சயம். படத் தலைகளில் எவை அதற்குப் பிந்தியவை என்று பிரிக்க வழியில்லை. எனவே கடைசிக் கடிதத்தினுடையது இதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கடைசிக் காலத்தினுடையது என்று சொல்லலாம்.

அந்தத் தலையின் வலது மேல் மூலையில் முத்திரையின் ஒரு துண்டு நன்றாக விழுந்திருந்தது. பூதக் கண்ணாடியில் ஐந்து எழுத்துக்கள் தெரிந்தன: எல், எம், ஈ, ஐ, என். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரங்கூன் என்ற பெயரில் இந்த எழுத்துக்கள் வரிசையாக வராது. இது மோல்மீன். மாவ்லமியாயின் என்று இப்போது சொல்கிறார்கள்; ரங்கூனுக்குக் கிழக்கே, வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய துறைமுகம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக, "ரங்கூனில் இருந்தார், குண்டு விழுந்தபோது போயிருப்பார்" என்றுதான் பேச்சு. ரங்கூனில் ஜப்பானியர் முதல் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. ஆனால் சயாம் எல்லைப் பக்கமிருந்து தரை வழியாக வந்த ஜப்பானியப் படையின் பாதையில் முதலில் அகப்பட்ட பெரிய ஊர்களில் ஒன்று மோல்மீன். அது 1942 ஜனவரி 31-இல் விழுந்தது. ரங்கூன் மார்ச் 8-இல்தான். வடக்கே மலைகளைத் தாண்டி இந்தியாவுக்கு நடந்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். மோல்மீனிலிருந்து புறப்பட்டவர் ரங்கூன்காரரைவிடத் தொலைவிலிருந்து, பகைவனுக்கு அருகிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். புறப்பட்டிருந்தால்.

தேதி? முத்திரை வட்டத்தின் நடுவில் இருந்திருக்கும். அந்த நடு, தலைக்கு வெளியே, கவரின்மேல் விழுந்திருக்கும்.

இந்த வயதில் தொடங்க விரும்புகிறவர்கள் என்னைக் கேட்டால் இரண்டொரு சொல் சொல்ல முடியும். புதுத் தலைகளுக்குச் சென்னை அண்ணா சாலைத் தலைமைத் தபாலாபீஸில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள். சாமணமும் பூதக் கண்ணாடியும் போதும், மற்ற உபகரணங்களைக் கடைக்காரர் சொன்னாலும் வாங்க வேண்டாம். ஒட்டும் டேப்பைக் கிட்டே கொண்டுவராதீர்கள். உலகத்தையெல்லாம் சேர்க்கப் போகாமல் ஓர் ஊரை, ஒரு காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாங்கூர் சமஸ்தானத்தின் சங்கு போட்ட அஞ்சல் தலைகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஆயுசுக்குப் போதும். வீட்டுப் பரணில் பழைய கவர் அகப்பட்டால் கத்தரிக்கோலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து அப்புறம் அதைத் திறந்து பாருங்கள்.

மறுபடி அத்தையிடம் போனேன். இந்த முறை ஆல்பத்தை எடுத்துப் போகவில்லை. அந்த ஒரு தலையை மட்டும் மெழுகுத்தாள் உறையில் போட்டுக்கொண்டு போனேன். ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகப் படித்து, மோல்மீன் என்றேன். அத்தை வெகு நேரம் பேசவில்லை.

"எங்கம்மா ரங்கூன் ரங்கூன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு" என்றார். "கடுதாசியில இருந்திருக்கும். எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரு படிச்சுச் சொன்னாங்களோ." பிறகு தலையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இந்தப் படகு எனக்கு ஞாபகம் இருக்குப்பா. தபால்காரர் குடுத்தப்போ இதைத்தான் பார்த்தேன்."

எண்பத்து நான்கு வருஷத்துக்கு முந்திய ஞாபகம். அதற்குச் சாட்சியாக என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. நான் அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

"ஒரு கவர்ல ஒட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார்.

பழைய தலையை மறுபடி கவரில் பசை போட்டு ஒட்டுவது இந்தக் கலையில் மன்னிக்க முடியாத பாவம். ஒட்டினால் விலை பாதி போய்விடும். அசலைப் போலப் போலி செய்ததாகவும் ஆகும். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அத்தையின் மருமகள் அடுப்பில் கொஞ்சம் மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தாள். கடையிலிருந்து ஒரு வெள்ளைக் கவர் வாங்கி வந்து வலது மூலையில் ஒட்டினேன்.

"எழுது" என்றார் அத்தை. தம் தாயாரின் பெயரைச் சொன்னார்; கிராமத்தைச் சொன்னார்; தேவகோட்டை வழி என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன். கடைசி வரியில் சிவகங்கை மாவட்டம் என்று நானாகவே எழுதப் போனேன்.

"ராமநாதபுரம் ஜில்லான்னு போடுப்பா" என்றார் அத்தை.